லீவு காரணம்: மழை

எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் தோட்டத்தில் லீவு கொடுக்கிற அதிகாரம் மேனேஜர் தொரையிடம் இல்லை. வானத்திடம் இருந்தது. ரப்பர் மரத்தின் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் வெட்டுக் கோட்டு வழியே இறங்கி, மரத்தில் கட்டிய சிரட்டைக்கு வராது. ஈரப் பட்டையில் கண்ட பக்கமெல்லாம் வழிந்து வீணாகப் போகும். அதனால் விடியும்போது மழை பெய்தால் அன்றைக்கு வேலை இல்லை. யாரிடமும் கேட்க வேண்டாம். கடிதம் எழுத வேண்டாம். உயிரோடு இருக்கிற சித்தப்பாவைச் சாகடிக்க வேண்டாம்.

அப்போது நானும் என் மனைவியும் இரண்டு பேருமே பால் வெட்டுகிறவர்கள். எனக்கு ரோட்டுக்கு மேலே உள்ள மரங்கள், அவளுக்கு ரோட்டுக்குக் கீழே. விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடும். ஆனால் கண்ணைத் திறக்க மாட்டோம். முதலில் கூரைத் தகரத்தைக் கேட்போம். வெறும் தூறலா, நின்று பெய்கிற மழையா என்பதைத் தகரம் சொல்லிவிடும்.

"பெய்யுதுங்க" என்பாள் அவள்.

"அடுப்ப பத்த வைக்காத" என்பேன் நான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த நாளில் பெரிதாக எதுவும் நடக்காது. ஏழு மணிக்கு மேல் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றுவாள். நான் பாயைச் சுருட்டாமல் அதன் மேலேயே உட்கார்ந்து குடிப்பேன். பிறகு சண்டை ஆரம்பிக்கும். வேலை நாளில் ஒரு சண்டையை முழுசாகப் போட எங்களுக்கு நேரம் கிடையாது. பாதியில் நிற்கிற எல்லாவற்றையும் மழை நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பாள். எங்கள் லயத்தில் ஒரே நீளக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம். நான் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்து அக்கா மல்லித்தண்ணி வேணுமா என்று சுவர் வழியாகக் கேட்பார். தகரத்தில் மழை அடிக்கும்போது மட்டும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எங்கள் வாழ்க்கையில் எங்களுக்குக் கிடைத்த ஒரே தனி அறை மழைதான். அதில் சண்டை போட்டோம். சமாதானமும் ஆனோம். எங்கள் மகளும் மகனும் மழைக்காலத்துக்குச் சரியாகப் பத்து மாதம் கழித்துப் பிறந்தவர்கள். இதற்கு மேல் விளக்கம் கேட்காதீர்கள்.

பிறகு நான் ஆபிஸ் கிளாக்கர் ஆனேன். எனக்கு மூன்று தகுதிகள் இருந்தன. எழுத்து அழகாக இருக்கும். சிங்களம் எழுதத் தெரியும். மூன்றாவது, நான் மிக மோசமான பால்வெட்டுக்காரன். "நீ ஆபிசுக்குப் போனா மரமெல்லாம் சாமிக்குத் தேங்கா உடைக்கும்பா" என்று சொல்லித்தான் எங்களை மேய்க்கிற கங்காணி என்னை வழியனுப்பினார்.

வேலைக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வருஷத்துக்கு இத்தனை நாள் லீவு, திடீர்த் தேவைக்கு இத்தனை நாள், சுகமில்லை என்றால் இத்தனை நாள். சம்பளத்தோடு. எங்கள் பரம்பரையில் வேலைக்குப் போகாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள் நான்தான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"மழைக்கு?"

"மழைக்கு என்ன?"

"மழைக்கு எத்தன நாளு?"

"ஆபிசுக்குக் கூரை இருக்கும்மா. மழைக்கெல்லாம் லீவு கெடையாது."

அவள் அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள். ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் தகரம் சத்தம் போட்டபோதுதான் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்கு விளங்கியது.

லயமே போர்த்திப் படுத்திருக்க, காலில் சப்பாத்தும் கையில் குடையுமாக நான் ஒருவன் மட்டும் வெளியே இறங்கினேன். வாசலில் நின்றவர்கள் சும்மா விடுவார்களா?

"கிளாக்கரய்யா, நனையாம போங்க! ஆபிசு ஒழுகுனா சொல்லி அனுப்புங்க, நாங்க படுத்துக்கிட்டே வருத்தப்படுறோம்!"

நானும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆபிசில் என் வேலை செக்ரோல். அதாவது யார் யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிற பெரிய புத்தகம். மழை நாளில் அந்த நாளின் கட்டத்தில் எல்லார் பேருக்கும் நேராக ஒரே கோடாக இழுத்து, மேலே 'மழை' என்று எழுத வேண்டும். மேலிருந்து கோடு இறங்கும். அவள் பேருக்கு நேரே வரும்போது பேனா கொஞ்சம் நிற்கும். இப்போது சாயத்தண்ணி குடித்திருப்பாளா? பாயைச் சுருட்டியிருப்பாளா? யாரோடு சண்டை போடுவாள்? பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். கோட்டை இழுத்து முடிப்பேன்.

அப்போதுதான் ஒரு கொப்பி வாங்கி, மழை நாட்களைத் தனியாக எழுதி வைக்க ஆரம்பித்தேன். மாதம், தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு விட்டது எல்லாம் சிவப்பு மையில். ஆபிசுக்கு அது தேவையே இல்லை. அவளோடு இருக்க வேண்டியிருந்து, இல்லாமல் போன நாட்களின் பட்டியல் அது. ஒரு ஆம்பளை இதையெல்லாம் எழுதி வைப்பானா என்று கேட்டால், கிளாக்கர் வைப்பான்.

மற்றபடி நான் நல்ல கிளாக்கர். லீவுக் கடிதம் எழுத வேண்டுமென்றால் தோட்டத்தின் நாலு டிவிஷனிலிருந்தும் என்னைத் தேடித்தான் வருவார்கள்.

"அண்ணே, மாமியார் செத்துட்டாங்கன்னு எழுதுங்க."

"போன மாசமே செத்துட்டாங்களேடா."

"அப்ப சும்மாதாண்ணே செத்தாங்க. இப்ப முப்பதாம் நாளு வருது, முப்பது கும்பிடணும்னு எழுதுங்க."

எல்லாருக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்த எனக்கு, என் லீவுக்கு எழுத ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எடுக்காமல் விட்ட லீவு வருஷக் கடைசியில் தானாகச் செத்துப் போகும். அதற்கு முப்பதும் கும்பிட முடியாது. பல வருஷம் ஒரு நாளும் லீவு போடாததற்காக எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். தொரை கையால் வாங்கினேன். போட்டோவும் எடுத்தார்கள். மனைவி அதை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்:

"நல்லதுங்க. நீங்க வீட்ல இல்லாத நேரத்த இனிமே சரியா பாத்துக்கலாம்."

சில வருஷங்களுக்கு முன் ஒரு புதுத் தொரை வந்தார். வாலிபர், சிங்களவர், லெப்டொப்பைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு திரிவார். வந்த இரண்டாவது வாரம் ஆபிசில் எல்லாரையும் கூப்பிட்டு, மழையால் வருஷத்துக்கு எத்தனை நாள் பால்வெட்டு நின்று போகிறது என்று கேட்டார். பெரிய கிளாக்கர் தலையைச் சொறிந்தார். பழைய செக்ரோல் எல்லாம் பார்க்க வேண்டும், நாளாகும் என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கையைக் கொண்டு போய் எங்கேயாவது கட்டிப் போடலாம்போல இருக்கிறது. ஓடிப் போய் மேசை லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்து வந்து நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வருஷ வாரியாக, மாத வாரியாக, மணி வாரியாக மழை. "ஷா! நியமய்!" என்று என் தோளில் தட்டினார். பிரமாதம் என்று அர்த்தம். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

ஒரு மாதம் போகவில்லை, லொறியில் பொலித்தீன் சுருளும் தார் டின்னும் வந்து இறங்கின. ரெயின் கார்ட். ஒவ்வொரு ரப்பர் மரத்துக்கும் வெட்டுக் கோட்டுக்கு மேலே தார் பூசி, பொலித்தீனைப் பாவாடை மாதிரிச் சுற்றி ஒட்டிவிடுவார்கள். மழை பெய்தாலும் பட்டை நனையாது, பால் வெட்டலாம். இனி மழை நாளிலும் வேலை உண்டு என்ற அறிவித்தலை இரண்டு மொழியிலும் டைப் அடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

கார்டை ஒட்டியது மலையில் வேலை செய்கிற பெண்கள்தான். அன்றைக்குப் பின்னேரம் என் மனைவி முழங்கை வரைக்கும் தாரோடு வந்தாள். தண்ணீர்ப் பீலியடியில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆபிசுல யாரோ மழைக் கணக்கு எழுதுன கொப்பி குடுத்தாங்களாமே? கங்காணி சொன்னாரு."

"ஆமா."

"யாரு கொப்பிங்க?"

"என்னோடது."

"அத எதுக்கு எழுதுனீங்க?"

வாயைத் திறந்தால் எனக்குக் கேலியும் பகிடியும்தான் வரும். சாவு வீட்டில்கூட வந்து தொலைத்திருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். உன்னை நினைத்துத்தான் எழுதினேன் என்று சொல்ல ஆறு விநாடி போதும். நான், "சும்மாதான்" என்றேன்.

"சும்மா எழுதுனதுக்கே இப்பிடின்னா..." என்றாள். கடைசி வரைக்கும் தார் முழுசாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரி ஆகிவிட்டோம். அவள் ஐந்தரைக்கு இறங்குவாள், நான் ஏழேகாலுக்கு. நான் பின்னேரம் ஐந்து மணிக்கு வரும்போது அவள் அடுப்படியில். நான் குளித்துவிட்டு வந்து தோட்டத்தில் நடந்த அன்றைய கூத்துகளைச் சொல்ல ஆரம்பித்தால், கதை பாதி வழி போவதற்குள் அவள் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பாள். பௌர்ணமிப் போயாவுக்கும் தீபாவளிக்கும் லீவு இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் வேலை நிறைந்த லீவு. யட்டியாந்தோட்டை டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும், யாராவது வீட்டுச் சடங்குக்குப் போக வேண்டும், யாராவது நம் வீட்டுக்கு வருவார்கள். மழை லீவில்தான் எங்கேயும் போக முடியாது. யாரும் வரவும் முடியாது.

பிள்ளைகள் இரண்டும் கல்யாணம் முடித்துக் கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவ்வளவு இடம் எங்களுக்கு எப்போதும் இருந்ததில்லை. இவ்வளவு தூரமும் இருந்ததில்லை.

இந்த வருஷம் பெரிய மழை தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஒரு நாளு மழைல வீட்ல கெடக்கணும்போல இருக்குங்க."

"அதுக்கென்ன, லீவு போடு. உனக்கும் லீவு இருக்குதானே."

"தனியா கெடக்கவா? தனியா கெடக்க எதுக்கு லீவு?"

நான் அடுத்த நாளே லீவுப் படிவத்தை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் பேரில் நிரப்பிய முதல் படிவம். பேர், உத்தியோகம் எல்லாம் எழுதி, காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் மனதுக்குள் வரிசையாக எத்தனையோ மாமியார்கள் வந்து நின்றார்கள். எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டு, 'மழை' என்று எழுதினேன். தேதியை விட்டுவிட்டேன்.

தொரை படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பாவாடை கட்டி நின்ற மரங்களைப் பார்த்தார்.

"வெஸ்ஸட்ட நிவாடுத?" என்று கேட்டார். மழைக்கு லீவா?

ஆமாம் சேர், வீட்டில் இருக்க வேண்டும் என்று சிங்களத்திலேயே சொன்னேன். தனியாகவா என்றார். இல்லை, மனைவியோடு என்றேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. காது சுட்டது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தார். மழை பெய்கிற அன்றைக்குக் காலையில் ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லு, போதும் என்றார். அவருடைய மனைவி தூரத்தில், காலி நகரத்தில் ஒரு பேங்க்கில் வேலை செய்கிறார் என்பது அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது.

என் லீவு சரி. அவளுடைய லீவில்தான் சிக்கல். அவள் வராவிட்டால் அவளுடைய மரங்களை இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கங்காணிக்கு முதல் நாளே சொல்லியாக வேண்டும். அதாவது எனக்கு மழை பெய்த பிறகு லீவு, அவளுக்கு மழை பெய்வதற்கு முன்பே லீவு. போனில் வானிலை பார்த்தோம். ஐந்து நாளுக்குத் தொடர்ந்து கறுப்பு மேகமும் நீலக் கோடும். புதன்கிழமை என்று முடிவு செய்தோம்.

செவ்வாய்க்கிழமை காலையில், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் பிறகு எனக்கு நடித்தே காட்டினார்கள்.

"எதுக்கும்மா நாளைக்கு லீவு?"

"வீட்ல இருக்க, கங்காணியய்யா."

"வீட்ல என்ன விசேசம்?"

"வீட்டுக்காரரு இருப்பாரு."

"அடியே, கிளாக்கரய்யா வீட்ல இருக்காருன்னா அது விசேசந்தாண்டி! பொங்கல் வச்சிட்டுக் கூப்புடு!"

செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க மழை ஊற்றியது. ஆபிசில் உட்கார்ந்து, நாளைக்கும் இப்படியே, நாளைக்கும் இப்படியே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு முழிப்பு வந்தது. தகரம் வாயே திறக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவளும் முழித்துக்கொண்டுதான் கிடக்கிறாள் என்று தெரிந்தது.

"பெய்யலங்க."

"பெய்யும்."

ஆறரைக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து எங்கள் காலில் விழுந்தது. இரண்டு வாரமாகப் பார்க்காத வெயில். வீட்டில் காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை. தலையணை எல்லாம் நாய் நனைந்த வாடை. இந்தப் பக்கத்தில் பிறந்த யாராலும் அப்படி ஒரு வெயிலை வீணாக்க முடியாது. அவள் எழுந்துவிட்டாள். எட்டு மணிக்குள் மூன்று கொடி நிறையத் துணி. அவள் லீவு சொல்லியாகிவிட்டதால் நானும் தொரைக்குக் கோல் எடுத்து, மழை இல்லாவிட்டாலும் இன்றைக்குத்தான் லீவு என்று சொல்லிவிட்டேன். பிறகு மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு, காயப்போட லயத்துக்குப் பக்கத்துக் கற்பாறைக்குப் போனேன். லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிற கிளாக்கர் முதல் வேலையாக மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்த லயத்துக்காரர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

மத்தியானம் வரைக்கும் வேலை செய்தோம். அரிசி, மிளகாய், பழைய சப்பாத்து, எல்லாவற்றையும் காய வைத்தோம். கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். சாப்பிட்ட கையோடு அவள் சுவரில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப் போனாள். நான் எதிரே உட்கார்ந்தேன். காதோரத்தில் நரை ஏறியிருந்தது. அது எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை. எழுப்பி ஒரு சண்டையாவது போடலாமா என்று யோசித்தேன். பாதியில் நிற்கிற சண்டை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஆரம்பித்தால்தானே பாதியில் நிற்கும்.

நாலு மணிக்கு எழுந்து, "அய்யய்யோ, மெத்தைய எடுத்தீங்களா?" என்று கேட்டாள். லீவு அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை விடியும்போது மழை. தூறல் இல்லை, நின்று அடிக்கிற மழை. அவள் எழுந்து, மழைக்கோட்டைப் போட்டு, வாளியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கங்காணி கோல் எடுத்தார். கார்ட் இருந்தாலும் இந்த மழைக்கு மலையில் ஏற முடியாது, கொஞ்சம் விடட்டும், பெரட்டு எட்டு மணிக்கு என்றார்.

அவள் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். நான் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சப்பாத்தைப் போட்டேன், குடையை எடுத்தேன், நானும் படியில் உட்கார்ந்தேன். ஒன்றரை ஆள் உட்காருகிற படி. மழைக்கோட்டு என் சட்டையில் உரசி ஈரமாக்கியது. எதிர் லயம் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏழேகால் ஆனது.

"ஆபிசுக்கு நேரமாகலயா?" என்று கத்திக் கேட்டாள். மழையில் கத்தினால்தான் கேட்கும்.

"ஆச்சு!"

"போகலயா?"

"போறேன்!"

நான் எழுந்திருக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கோப்பையில் மிச்சமிருந்த சாயத்தண்ணியை என் கையில் கொடுத்தாள். ஏழே முக்கால். அந்தக் கொப்பியை ஏன் எழுதினேன் என்று அவள் காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன். ஆறு விநாடிகூட ஆகவில்லை. அவள் மழையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அத அன்னைக்கே சொல்லியிருந்தா தார டின்னோட கவுத்துட்டு வந்திருப்பேன்ல?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் தகரத்தின் சத்தம் குறைந்தது. இரண்டு பேருக்கும் கேட்டது. எதிர் லயம் மெதுவாகத் தெரிய ஆரம்பித்தது. யாரோ கதவைத் திறந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"மழ உட்டுருச்சுங்க" என்றாள்.

"இல்லம்மா. பெய்யுது."

"எங்க பெய்யுது?"

"நல்லா கேளு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ஆமா" என்றாள். "கொஞ்சம் பெய்யத்தான் செய்யுது."

கூரை நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அது நிற்கிற வரைக்கும் அதை மழை என்றே வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.